உதடு கட்டிய காயம்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றேன். தேநீர்க்கடை வாசலில் ஒரு பெண் பலகை போட்டு, அதன்மேல் தட்டையான சாடிகளில் குட்டை மரங்களை அடுக்கி வைத்திருந்தார். போன்சாய் மரங்கள். ஒரு முழத்துக்கும் குறைவான புளி, விளா, இத்தி. வெளிநாட்டுக்காரர் வருகிற வான் வண்டிகள் தேநீருக்கு நிற்கிற இடம் என்பதால் அங்கே எதுவும் விலைப்படும். ஓர் இத்தியின் அடிமரத்தில் மண்ணிறமாக ஏதோ பூசியிருந்தது. விரலை நீட்டினேன். "தொடாதேங்கோ, அது காயம்" என்றார் அந்தப் பெண். என் பஸ் வந்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். மிச்சம் முழுவதும் நான் கட்டுவது. [அந்தப் பெண் இதை வாசிக்க நேர்ந்தால்: அம்மா, இது நீங்கள் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் இரண்டு காலோடும் சுகமாக இருக்கட்டும்.]

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

முதலாவது: "வன்னியில் காயப்படாத மரம் எங்கே இருக்கிறது?" அருமையான வசனம் என்று நினைத்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வெட்கமாகப் போய்விட்டது. இப்படித் தொடங்கினால் அடுத்த பக்கத்தில் ஷெல் துண்டு வரும், அதற்கடுத்த பக்கத்தில் அழுகை வரும், கடைசியில் எனக்கொரு பாராட்டுக் கூட்டம் வைத்துப் பொன்னாடையும் போர்த்துவார்கள். வேண்டாம்.

இரண்டாவது: "அமராவதியின் தகப்பன் தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலைநாட்டை விட்டுக் கனகராயன்குளத்துக்கு வந்து, காடு வெட்டிக் குடிசை போட்டு—" இதையும் பாதியில் நிறுத்தினேன். தகப்பனில் இருந்து தொடங்கினால் கத்தி பிடிக்கிற கை பரம்பரைச் சொத்து என்று ஆகிவிடும். என் போன்சாய்க்காரி அமராவதி தகப்பனிடம் ஒன்றும் படிக்கவில்லை. போனில் காணொளி பார்த்துப் படித்தாள். அதில் பேசுகிறவன் என்ன பாஷை பேசுகிறான் என்றுகூட அவளுக்குத் தெரியாது. சத்தத்தை நிறுத்திவிட்டு அவன் கையை மட்டும் பார்த்தாள். பார்த்ததைச் செய்து நிறைய மரங்களைச் சாகடித்தாள். அப்படித்தான் கை பழகியது.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்:

ஒரு மரத்தின் காயம் மூடுவதைப் பார்க்கிறபோது வருகிற சந்தோஷம் அமராவதிக்கு வேறெதிலும் வந்ததில்லை.

3

கிளையை வெட்டுவது பெரிய வித்தை இல்லை. மாடும் கிளையை முறிக்கும். வெட்டிய இடம் பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காணியில் நிற்கிற பெரிய மரத்தில் ஒரு வெட்டுக்காயம் இருந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. முழ உயர மரத்தில் அது மூக்கில் இருக்கிற தழும்பு மாதிரி, கண் அங்கேதான் போகும்.

ஆகவே அமராவதி ஒரு கிளையை ஒரே வெட்டில் எடுக்கமாட்டாள். முதலில் சிறு குற்றியை மிச்சம் விட்டு வெட்டுவாள். குற்றி காய்ந்தபின் அதை அடியோடு எடுத்து, எடுத்த இடத்தைச் சின்ன உளியால் கொஞ்சம் குழியாகத் தோண்டுவாள். மட்டமாக விட்டால் மூடும்போது புடைத்துக்கொண்டு வரும். குழியாக இருந்தால் நிரவி வரும். பிறகு கூரான கத்தியால் பட்டையின் விளிம்பைச் சுற்றி ஒரு சீவல், ஏனென்றால் பிய்ந்த விளிம்பில் இருந்து நல்ல பட்டை வராது. இத்தி என்றால் பால் வடியும். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துப் பால் நின்ற பிறகுதான் மருந்து. தேன்மெழுகை உருக்கி, அதில் சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, அரித்த களிமண்ணைச் சேர்த்துப் பிசைந்தால் அவளுடைய மருந்து. விளிம்பு காயாமலும் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமலும் அது பார்த்துக்கொள்ளும்.

அதன்பிறகு காத்திருக்க வேண்டும். சில மாதம் போக, பசையின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டு புதுப்பட்டை தடிப்பாக உருண்டு வரும். 'உதடு கட்டுது' என்பாள் அமராவதி. எல்லாப் பக்கத்தாலும் உதடு வந்து நடுவில் முட்டினால் வேலை முடிந்தது.

"இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ. உதடு முட்டீட்டுது" என்று கணவனைக் கூப்பிடுவாள்.

சிவகரன் வந்து குனிந்து பார்ப்பான். "கலியாணம் கட்டி இவ்வளவு காலமாச்சு, என்னை ஒருநாளும் இப்பிடி ஆசையாப் பாக்கேல்லை நீர்" என்பான்.

"நீங்கள் உதடு கட்டினா உங்களையும் பாப்பன்."

[ஒரு குறிப்பு. மரம் காயத்தை ஆற்றுவதில்லை, மூடுகிறது. வெட்டுப்பட்ட கட்டை உள்ளே அப்படியே கிடக்கும். மரம் அதைச் சுற்றி மதில் கட்டிவிட்டு வெளியே புதிதாக வளரும். மனித உடம்பு அப்படிச் செய்யாது. அதற்கு உள்ளே மதில் கட்டத் தெரியாது. இந்தக் குறிப்பு அமராவதிக்குக் கேட்காது. அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பேசுவது பாத்திரங்களின் காதில் விழக்கூடாது என்பது எங்கள் தொழிலின் சட்டம்.]

4

இனிச் சிவகரன்.

அவனுடைய ஆட்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் இருந்து குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த வயல்காரர். அவன் அமராவதியைக் கட்டப்போகிறேன் என்றபோது தமக்கை விமலேஸ்வரி, "ஏன், எங்கட பக்கத்தில பொம்பிளையள் இல்லையோ?" என்று கேட்டாள். "இருக்கினம் அக்கா. எனக்கு ஒரு கால்தான் எண்டது அவையளுக்கும் தெரியும்" என்றான் சிவகரன். அதோடு அந்தக் கதை முடிந்தது. பிள்ளைகள் இல்லை. (இருந்திருக்கலாம். பாத்திரங்கள் குறையக் குறைய எனக்கு வசதி என்பதால் கொடுக்கவில்லை. இதுவும் ஒரு கொடுமைதான்.)

இடது கால் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே முடிகிறது. எப்படிப் போனது என்று எழுதமாட்டேன். கனகராயன்குளத்தில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். போன காலைப் பற்றிய கதை இல்லை இது. மிஞ்சின முழங்காலைப் பற்றியது. முழங்கால் இருக்கிறவன் பொய்க்காலை மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதிப்பான், வரம்பில் நடப்பான், வாய்க்காலில் தண்ணீர் திருப்புவான். அதுவும் போய்விட்டால் பெரும்பாலும் கதிரையில் உட்கார்ந்திருப்பதுதான். அந்த ஒரு சாண் எலும்பில் சிவகரனின் வயல், சைக்கிள், மரியாதை எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன.

போன கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. சிவகரன் வயலுக்குள்ளேயே நின்றான். பொய்க்காலின் கோப்பைக்குள் சேறும் தண்ணீரும் போய், உள்ளே போடுகிற காலுறை நனைந்து தோலை உரசியது. நீரிழிவால் கால் மரத்துப்போன சீனி வருத்தக்காரன் என்பதால் உரசியது அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது மிச்சக்காலின் நுனியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. ஆஸ்பத்திரியில் கீறிச் சீழ் எடுத்தார்கள். பெருவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு குழி மிஞ்சியது.

5

தினம் தினம் பஸ்ஸில் வந்துபோவது கஷ்டம் என்று அமராவதி சொன்னதால், தாட்சாயினி என்ற தாதி வீட்டில் மருந்து கட்டுகிற முறையை அவளுக்குக் காட்டிக் கொடுத்தாள். கொஞ்சம் கறாரான பெண். சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொன்னாள்.

"இந்தத் துணியை உள்ளுக்கு அடைக்க வேணும் அக்கா. இறுக்கியில்லை. ஆனா அடி முட்ட வேணும். வாய் திறந்துதான் இருக்கோணும். அடியில இருந்து சதை வளந்து வளந்து, கடைசியாத்தான் மேல மூட வேணும். மேல முந்தி மூடினா பிழை."

"எவ்வளவு காலத்துக்கு மிஸ்?"

"அதை இப்ப சொல்லேலாது. கிளினிக்குக்கு வாங்கோ, பாத்துச் சொல்லுறன். அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் துணி வையுங்கோ. அவரைப் பொய்க்காலைப் போட விடாதேங்கோ."

அமராவதி தலையாட்டினாள். அவளுக்கு விளங்கியது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பின்னால் நீங்கள் அவளை விளங்காதவள் என்று நினைக்கப் போகிறீர்கள்.

காலையில் சிவகரன் குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்காருவான். அமராவதி சட்டியில் கொதித்து ஆறிய தண்ணீரோடு வருவாள். பழைய துணியை இழுத்தெடுத்துக் கழுவி, புதுத்துணியை விரலால் உள்ளே தள்ளுவாள். உணர்ச்சி மங்கின கால் என்றாலும் அடியில் முட்டுகிறபோது அவனுக்கு உயிர் போகும்.

"மெல்ல, அமரா."

"இன்னும் கொஞ்சம்தான். பொறுங்கோ."

"நீர் மரத்துக்கு எண்டா இப்பிடிக் குத்துவீரோ?"

பகிடியாகத்தான் கேட்டான். ஆனால் அவளுக்கு அது பகிடியாகப் படவில்லை. காயத்தின் விளிம்பு அவள் கண்ணுக்கு முன்னால் இருந்தது. இளஞ்சிவப்பாக, மெல்லியதாக, ஒவ்வொரு நாளும் நூலளவு உள்ளே வரப் பார்க்கிற விளிம்பு. அவள் துணியைத் திணித்து அதைத் திரும்பவும் விலக்கிவிடுகிறாள். ஒரு மரத்தில் இவ்வளவு நல்ல விளிம்பு வந்தால் அவள் அன்றைக்குச் சமையலையே மறந்துவிடுவாள்.

6

இந்த இடத்தில் நான் ஒரு வசனம் எழுதினேன்:

"கணவனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்த அமராவதிக்கு, காயம் என்பது எங்கும் ஒன்றுதான், மரத்திலும் மனிதரிலும் அது மூடத்தான் விரும்புகிறது என்று தோன்றியது."

எழுதிவிட்டு எழும்பிப் போய் எனக்கு நானே தேநீர் ஊற்றிக் குடித்தேன். உண்மையைச் சொன்னால், இந்தக் கதையையே அந்த வசனத்துக்காகத்தான் தொடங்கியிருந்தேன். மரத்துக் காயத்தையும் மனிதக் காயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும், ஆசிரியருக்கு வேறு வேலை இல்லை. வாசகர் தானாகவே பெருமூச்சு விடுவார்.

திரும்பி வந்து அடுத்த பந்தியை எழுதக் குந்தினேன். அமராவதி அன்றைக்குத் துணியைப் பாதிதான் வைத்தாள்.

6 (திரும்பவும்)

அந்த வசனத்தை அடித்தேன். அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "அமராவதி எதையும் யோசிக்கவில்லை. தாதி சொன்னபடி துணியை அடி முட்ட அடைத்து—"

கை போகவில்லை. அவளுடைய கைதான் போகவில்லை. இன்னொரு விதமாக எழுதிப் பார்த்தேன். தாட்சாயினியைத் திடீரென்று வீட்டுக்கு வரவழைத்தேன், சைக்கிளில் வந்து ஏசிவிட்டுப் போகட்டும் என்று. அது பொய்யாக இருந்தது. எந்தத் தாதிக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது? விமலேஸ்வரியை வரவழைத்துப் பார்த்தேன். அவள் காயத்தை எட்டிப் பார்த்து, "என்ன வடிவா வருது! துணியை விட்டுக் கிண்டாமல் விடுமன் பிள்ளை" என்றாள். இன்னும் மோசம்.

கடைசியில் எனக்கு ஒன்று பிடிபட்டது. அந்த ஒப்பீட்டை நான் அவளுக்குக் கொடுக்கவே தேவையில்லை. வருசக் கணக்காகக் காயங்களோடு குந்தியிருந்தவளின் விரல்களில் அது ஏற்கெனவே இருந்தது. நான் அதை வடிவான தமிழில் சொல்லி, அது சரிதான் என்று அவளை நம்பவைத்தேன். ஒரு வசனத்தை அடிப்பது சுகம். அதைக் கேட்டவளின் காதில் இருந்து எடுக்க முடியாது.

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். முதலில் துணியின் அளவு குறைந்தது. பிறகு வாயில் மட்டும் கொஞ்சம் வைத்தாள். பிறகு வைக்கவில்லை. மழையில் கிளினிக்குப் போவதும் தள்ளிக்கொண்டே போனது. சிவகரனுக்கு நோவு நின்றது, அவன் நிம்மதியாக மூச்சுவிட்டான். அமராவதி விளிம்பைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். உப்புத்தண்ணீரால் ஒற்றினாள், ஈரம் தங்க விடவில்லை, இலையான் மொய்க்க விடவில்லை. மேல்தோலைப் பொறுத்தவரை அவளைவிட நல்ல தாதி எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. எல்லாப் பக்கத்தாலும் உதடு வந்தது. பொங்கலுக்கு முன்பே முட்டியது. புடைப்பு இல்லை, மடிப்பு இல்லை, நிரவி வந்திருந்தது.

7

இதுவரை எழுதியதை நண்பர் விஜிதரனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முகத்தைச் சுளித்தார்.

"அவவைச் சுத்த மொக்காக்கிப் போட்டீர். நேர்ஸ் அவ்வளவு சொல்லியும் ஆரும் அப்பிடிச் செய்வினமோ?"

"மொக்கெண்டால் நேர்ஸ் சொன்னதைச் செய்திருப்பா" என்றேன். "கெட்டிக்காரி. அதாலதான் செய்யேல்லை."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றும் தெரியாதவர்கள் பயத்தில் சொன்னபடி செய்வார்கள். ஒரு காரியத்தில் கைதேர்ந்தவர்கள் பக்கத்து வளவுக்குள்ளும் அதே கையோடு போய்விடுவார்கள். நான் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் விஜிதரனும் ஒரு விசயத்தில் சரி. என் முதல் வரைவில் அமராவதி அந்தத் தேன்மெழுகுப் பசையையே புருசனின் காலில் பூசினாள். அதை வெட்டி எறிந்தேன். பசையைப் பூசியிருந்தால் யாரும் அதை மூடத்தனம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடலாம். அவள் ஒரு பிழையான பொருளையும் பாவிக்கவில்லை. சுத்தமான தண்ணீர், சுத்தமான கை, கவனம், அன்பு. அவ்வளவையும் போட்டுத்தான் அந்தக் கேடு விளைந்தது.

8

பொங்கலன்று விடிய, முற்றத்தில் பானை வைத்திருந்தது. சிவகரன் திண்டாடித் திண்டாடி ஊன்றுகோலோடு வந்தான்.

"இஞ்சாருங்கோ" என்றாள் அமராவதி. "இண்டைக்குக் காலைப் போடுங்கோவன்."

"மெய்யாத்தானோ? ஆறீட்டுதோ?"

"ஆறீட்டுது. வடிவா ஆறீட்டுது. தடவிப் பாருங்கோ."

அவன் தடவிப் பார்த்தான். அவளே காலுறையை இழுத்துவிட்டு, காலை மாட்டி, பட்டியைப் பூட்டினாள். சிவகரன் எழும்பி நின்றான். இரண்டு கையும் சும்மா இருக்கிற சந்தோஷத்தில் அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் அரிசியை அள்ளிப் பானையில் போட்டான். பால் பொங்கி வழிந்தது. பக்கத்து வீட்டில் வெடி கொளுத்தினார்கள். அமராவதிக்கு அன்றைக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. என் கதையில் அவளுக்கு அப்படியொரு நாள் இருந்தது என்பதை யாரும் எடுத்துவிட முடியாது. நானும் அதில் கை வைக்கமாட்டேன்.

"கிளினிக்குக்கு ஒருக்கா போய்க் காட்டுவமே?" என்று கேட்டாள். ஒரு நல்ல மரத்தைக் கொண்டுபோய்க் காட்டுகிற ஆசைதான் அதில் இருந்தது.

"ஆறின காலை என்னத்துக்குக் காட்டுறது? வெட்டு வருகுது. மெசின்காரன் எங்கட பக்கம் எப்ப வருவானெண்டு தெரியாது. அது முடியட்டும்."

அவள் வற்புறுத்தவில்லை. அறுவடை மெசின் வந்தது, போனது. சிவகரன் நாள் முழுதும் வயலில் நின்றான். தை முடிந்து மாசி பிறந்தது. ஒருநாள் பின்னேரம் காய்ச்சல் என்று வந்து படுத்தான். பனி என்றான். அமராவதி காலைக் கழற்றி, மிச்சக்காலைக் கையில் எடுத்தாள். சூடாக இருந்தது. மேலே தோல் பளபளவென்று, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. பெருவிரலால் மெல்ல அழுத்தினாள். உள்ளே ஏதோ அந்தப் பக்கம் நகர்ந்து, விரலை எடுக்கத் திரும்பி வந்தது.

அந்த நேரமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் சும்மா நின்றாள்.

[இங்கே ஒரு மரத்தை முறித்தால் நன்றாக இருக்கும். வெளியே அழகாக மூடி உள்ளே உக்கிப்போன ஓர் இத்தி, சாடி மாற்றும்போது அவள் கையில் படக்கென்று முறிவதாக. கை துறுதுறுக்கிறது. முறிக்கமாட்டேன். ஓர் ஒப்பீடு செய்த வேலை போதும்.]

"நாளைக்கு விடிய ஆசுப்பத்திரிக்குப் போறம்" என்றாள் வெளியே வந்து.

"நெல்லுக் காயுது. மூடைகட்டிப் போட்டுப் போவம்."

"போறம் எண்டன்."

ஆனால் விடியும்போது சிவகரனுக்கு ஆள் மட்டுக்கட்டத் தெரியவில்லை. அமராவதியை அக்கா என்று கூப்பிட்டான்.

9

பெரிய ஆஸ்பத்திரி ஒன்று. பெயர் வேண்டாம். அங்கே எல்லாரும் செய்யவேண்டியதைச் செய்தார்கள். ஊசி போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள், படம் எடுத்தார்கள். மூடிய இடத்தில் கீறியபோது வந்த மணத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழும்பி வெளியே போய்விட்டார். அமராவதி போகவில்லை. காயம் திரும்பவும் வாயைத் திறந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மருந்து ஏறிச் சிவகரனுக்குக் கொஞ்சம் நினைவு தெளிந்தது. முதலில் தேடியது அவளைத்தான்.

"அமரா."

"இஞ்சதான் நிக்கிறன்."

"முழங்காலை எடுப்பாங்கள் போல கிடக்கு."

"அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை."

"முழங்கால் இல்லாம என்னை வீட்ட கொண்டுபோகாதேயும். கேட்டதே? அப்பிடியெண்டால் இஞ்சயே விட்டிட்டுப் போம்."

"வாயைக் கழுவுங்கோ" என்றாள். அழுகையை அடக்கியதில் அது ஏச்சாக வந்தது.

டொக்டர் இளம் ஆள். கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்று, மறைக்காமல் பேசினார்.

"ஐயா, சீழ் எலும்புக்குள்ள போயிட்டுதோ இல்லையோ எண்டதுதான் இப்ப கேள்வி. படத்தில வடிவாத் தெரியேல்லை. போகேல்லை எண்டால் உள்ளுக்குக் கிளீன் பண்ணி முழங்காலைக் காப்பாத்தப் பாக்கலாம். போயிருந்தா முழங்காலுக்கு மேல எடுக்கோணும். எடுக்காம விட்டு, கிருமி உடம்பு முழுக்கப் பரவினால் ஆளே தப்பாது. சீழ் உள்ளுக்கு அடைபட்டுக் கிடந்த நாள் கூடக்கூட எலும்புக்குள்ள போயிருக்கும். அதாலதான் கேக்கிறன். மேல மூடி எவ்வளவு காலம்?"

"நாலைஞ்சு நாள்தான் டொக்டர்" என்றான் சிவகரன். குரல் தெளிவாக இருந்தது. "அதுவரைக்கும் துணி வைச்சுக்கொண்டுதான் இருந்தனாங்கள். மிஸ் சொன்னபடி. காலும் போடேல்லை."

அமராவதி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. போர்வைக்கு மேலே கிடந்த அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். அந்தப் பொய்யில் இரண்டு இருந்தன. ஒன்று முழங்காலுக்காக. மற்றது அவளுக்காக, அவள் செய்ததை அவள் வாயால் சொல்ல வேண்டிவராமல் இருப்பதற்காக. என் கதையில் யாரும் யாருக்கும் இவ்வளவு அன்பாக எதையும் செய்யவில்லை. அவனைச் சாகடிக்கக்கூடியதும் அதுதான்.

"நாலைஞ்சு நாளெண்டால்" என்றார் டொக்டர் யோசித்து, "ஒருக்கா முயற்சி செய்து பாக்கலாம்."

பிறகு அமராவதியின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்கள்தானே மருந்து கட்டினது?"

10

முடிவுகள். எழுதிப் பார்த்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அவள் உண்மையைச் சொல்கிறாள். பொங்கலுக்கு முதலே மூடீட்டுது, நான்தான் துணியை நிப்பாட்டினனான், காலும் நான்தான் போட்டுவிட்டனான். முழங்கால் போகிறது. சிவகரன் உயிரோடு வீட்டுக்கு வருகிறான். கதிரையில் இருந்துகொண்டு, அவள் கொண்டுவருகிற தேநீரை வாங்கிக் குடிக்கிறான், அவளோடு பேசுவதில்லை. வாசகர் இதை ஒத்துக்கொள்வார் என்று தெரியும். உண்மைக்கு விலை உண்டு என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள்.

அவள் ஓம் என்று தலையாட்டுகிறாள். முழங்காலை விட்டுவைத்துச் சுத்தம் செய்கிறார்கள். அடுத்த கிழமை சிவகரன்— [இதை முடிக்கவில்லை.]

அவள் ஓம் என்கிறாள், அவனுக்கு உண்மையிலேயே சுகம் வருகிறது. எலும்புக்குள் ஒன்றும் போயிருக்கவில்லை. அப்படியும் நடக்கலாம். சிறுபோகத்துக்கு அவன் வரம்பில் நடக்கிறான். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. ஆகவே இதை நம்பவில்லை.

அவள் உண்மையைச் சொல்கிறாள், முழங்காலை எடுக்கிறார்கள், பிறகு பார்த்தால் எலும்பு சுத்தமாக இருக்கிறது. இதுவும் நடக்கலாம். இதைக் கிழித்துப் போட்டேன்.

டொக்டர் வாசகர் யாரும் இருந்தால், வேறு சோதனைகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. அவற்றுக்கு நேரம் வேண்டும். காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தத் தோலுக்குக் கீழே, அந்த எலும்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று இந்த நிமிடத்தில் டொக்டருக்குத் தெரியாது, சிவகரனுக்குத் தெரியாது, இதையெல்லாம் கட்டிய எனக்கும் தெரியாது. அமராவதிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: எப்போது மூடியது என்பது. அதைச் சொன்னால் எதைக் கொடுக்கிறாள், சொல்லாவிட்டால் எதைக் கொடுக்கிறாள் என்பதும் அவளுக்கு விளங்குகிறது. நான்தான் சொன்னேனே, அவளுக்கு எல்லாம் விளங்கும்.

நான் அவளுக்கு ஒரு வசனம் கொடுத்து ஒருமுறை பார்த்தாயிற்று. இன்னொரு வசனத்தை அவள் வாயில் வைக்கமாட்டேன். அவள் நின்ற இடத்தில் இப்போது உங்களை விட்டிருக்கிறேன். உங்களுக்கும் எல்லாம் தெரியும், பொங்கல் அன்று யார் அந்தப் பட்டியைப் பூட்டியது என்பது உட்பட.

சிவகரனின் பிடி இறுகுகிறது. டொக்டர் திரும்பவும் கேட்கிறார்.

"அம்மா, உங்களைத்தான். நாலைஞ்சு நாள்தானோ?"

அவருக்கு அடுத்த கட்டிலுக்கும் போகவேண்டும். சொல்லுங்கள்.